ஜிந்தர் மஹாலுக்கு எத்தனை புள்ளி?

கேள்வி (பத்துமலை வாசகர்): ஜிந்தர் மஹால் டபிள்யூடபிள்யூஈ மல்யுத்தக் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். 170 நாள் சாம்பியனாக இருந்தவரைப் பெரிய வீரர் என்பதா, கம்பெனி தூக்கிவைத்து இறக்கிவிட்ட ஆள் என்பதா?

பதில்: அந்த 170 நாளை முதலில் ஒதுக்கி வைப்போம். யார் ஜெயிப்பது, பெல்ட் எத்தனை நாள் யார் இடுப்பில் இருப்பது என்பதையெல்லாம் அந்தத் தொழிலில் அலுவலகம்தான் முடிவு செய்கிறது. பதினெட்டாம் போர் கூத்தில் துரியோதனன் சாகப்போகிறான் என்பது முன்வரிசையில் தூங்கிவிழும் பிள்ளைக்கும் தெரியும். அதற்காக வேடம் கட்டியவரைத் தோற்றுப்போனவர் என்று யாரும் சொல்வதில்லை. விடியும்வரை சபையை உட்கார வைத்தாரா என்றுதான் கேட்கிறோம். ஜிந்தரிடமும் அதையே கேட்போம்: கொடுத்த வேடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்?

கொடுத்த வேடங்களோ பரிதாபமானவை. கனடாவின் கல்கரியில் பிறந்த பஞ்சாபி அவர். சொந்தப் பெயர் யுவ்ராஜ் சிங் தேசி. 2011இல் இந்திய மல்லர் கிரேட் காளியின் மைத்துனர் என்று கதைக்குள் நுழைத்தார்கள். அடுத்த ஆண்டு ட்ரூ மக்கின்டயர், ஹீத் ஸ்லேட்டர் ஆகியோருடன் இசைக்குழு என்ற பெயரில் கோமாளி வேடம். 2014 ஜூன் 12இல் ஜிந்தருக்கும் மக்கின்டயருக்கும் ஒரே நாளில் வேலை போனது. 2016இல் ஜிந்தரைத் திரும்ப அழைத்ததும், மற்றவர்களிடம் தோற்பதற்காகத்தான். அந்த வேலைக்கு இருக்கிற உடம்பே போதும் என்று அவர் இருக்கவில்லை. அடையாளமே தெரியாத அளவுக்கு உடம்பை மாற்றிக்கொண்டு நின்றார். 2017 மே 21இல் ரேண்டி ஆர்ட்டனை வீழ்த்தி சாம்பியன் ஆனார். மக்கின்டயரும் திரும்பி வந்து, 2020இல் பிராக் லெஸ்னரிடமிருந்து அதே பெல்ட்டைப் பறித்தார். மூன்று பேர் கொண்ட கோமாளிக் கூட்டத்தில் இரண்டு உலக சாம்பியன்கள்! 2014இலேயே புள்ளி போட்டிருந்தால் இருவருக்கும் முட்டைதான் கிடைத்திருக்கும். ஆகவே ஒருவரின் காலத்தை மதிப்பிட, அவர் வெளியேறும்வரை காத்திருப்பதே நியாயம்.

கேள்வி (கிள்ளான் வாசகர்): எல்லாமே எழுதிவைத்தது என்றால் பாராட்டும் எழுதியவருக்குத்தானே? ஜிந்தரின் சாம்பியன் ஆட்டங்கள் சலிப்பூட்டின என்பதையும் மறுப்பீர்களா?

பதில்: மறுக்க மாட்டேன். சலிப்பூட்டின. ஆனால் சலிப்புக்குக் காரணம் யார் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2017 மே மாதத்திலும் ஜூனிலும் ஆர்ட்டனை வெல்ல, ஜிந்தரின் எடுபிடிகளான சிங் சகோதரர்கள் குறுக்கே வந்தார்கள். ஜூலையில் மூங்கில் கூண்டுக்குள் நடந்த பஞ்சாபி சிறை ஆட்டத்தில் காளியே இறங்கி வந்தார். ஆகஸ்டில் ஷின்சுகே நாகமுராவுடன் மோதியபோது மறுபடி சிங் சகோதரர்கள். அக்டோபரில், அந்த இருவரையும் நடுவர் வெளியேற்றிய பிறகுதான் ஜிந்தர் தன் கையால் வென்றார். துணையில்லாமல் ஜெயிக்கத் தெரியாதவர் என்று ஐந்து மாதம் எழுதிக் காட்டிவிட்டு, இவருக்குச் சாம்பியன் களை இல்லை என்று நவம்பர் 7இல் மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் தோற்கவிட்டால், அந்தப் புள்ளிக் குறைவு அலுவலகத்தின் கணக்கில்தான் சேரும்.

ஜிந்தரின் கணக்கில் சேர வேண்டியதும் உண்டு. அடி வாங்கும் நேரத்திலும் கொடுக்கும் நேரத்திலும் அவர் ஆட்டம் ஒரே வேகத்தில் போகும்; ஏற்ற இறக்கம் குறைவு. 2017 செப்டம்பரில் நாகமுராவின் முகத்தையும் இனத்தையும் கேலி செய்து பேசினார். எல்லை மீறிவிட்டாய் என்று அமெரிக்கக் கூட்டமே கோஷம் போட்டது. வசனம் எழுதித் தந்ததாகவே இருக்கட்டும், பேசிய வாய் அவருடையது. தோல் நிறத்துக்காகவும் தலைப்பாகைக்காகவும் கேலிக்குள்ளான சமூகத்திலிருந்து வந்தவர், அதே கேலியை ஒரு ஜப்பானியர் மேல் வீசியிருக்கக் கூடாது. இங்கே தாராளமாகப் புள்ளியைக் குறைக்கிறேன்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்): இந்தியச் சந்தையைப் பிடிக்கத்தானே பெல்ட்டைக் கொடுத்தார்கள்? இதில் நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது?

பதில்: சந்தைக் கணக்கு இருந்ததை யாரும் மறைக்கவில்லை. 2017 டிசம்பர் 9இல் டெல்லியில், இந்திய ரசிகர்கள் முன்னாலேயே, கம்பெனி அதிகாரியுமான டிரிபிள் எச்சிடம் அவர் தோற்றார். கம்பெனியின் பாசம் எவ்வளவு என்பது அங்கே தெரிந்தது. ஆனால் இந்தத் தொழிலில் யார்தான் சந்தைக்காக உயர்த்தப்படவில்லை? அந்தக் கால மல்லர் தாராசிங் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று பேர் வாங்கிய காலத்திலும் டிக்கெட் விற்றால்தான் பந்தயம் நடந்தது. காளிக்கு 2007இல் உலகப் பட்டம் கிடைத்ததற்கு ஏழடி உயரம் போதுமாக இருந்தது. அந்த உயரத்தை அவர் உழைத்துப் பெறவில்லை. ஜிந்தருக்கு அப்படி எந்த வரமும் இல்லை. வாய்ப்பு சந்தையால் வந்தது. வந்த நாளில் அவர் தயாராக நின்றது அவர் உழைப்பால். 2024 ஜனவரியில் சேத் ராலின்ஸுடன் மோதியபோது எதிராளியின் முழங்கால் காயப்பட்டும் ஆட்டத்தை இருவரும் முடித்துக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில், ஏப்ரலில், ஜிந்தருக்கு மறுபடி வேலை போனது.

என் தீர்ப்பு: சாம்பியனாக நூற்றுக்கு 50 புள்ளி. தூக்கி எறிந்த இடத்துக்கே திரும்பிப் போய் உச்சத்தைத் தொட்ட தொழிலாளியாக 85. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். அவை இரண்டு வெவ்வேறு தேர்வுகள்.