புதையல் வேட்டை

என் மருமானுடைய பத்தாவது ஜன்ம தினத்துக்குக் கடைப் பொம்மை வாங்கிக் கொடுப்பது ரசனைக் குறைவு என்று தீர்மானித்த நான், பல்லவ சரித்திரத்தையே விஷயமாக வைத்து, மாமல்லபுரத்தில் ஒரு புதையல் வேட்டையைச் சிருஷ்டிக்கும் விபரீத யோசனைக்கு ஆளானேன். மூன்று இரவுகள் கண் விழித்து, அர்ச்சுனன் தபசுப் பாறையில் பின்னங்கால்களில் நின்று தவம் புரியும் பூனைக்கு ஒரு விடுகதையும், சரிவில் உருளாது நிற்கும் வெண்ணெய்ப் பந்துக்கு ஒரு வெண்பாவும், குடிசை வடிவிலமைந்த திரௌபதி ரதத்துக்கு மற்றொன்றும் புனைந்தேன். வெண்பாவில் தளை தட்டியது. நல்லவேளையாகப் பாறை அசையவில்லை.

பிள்ளைகளோ, பூனையைக் கண்டதும் அதைப் போலவே தவக்கோலத்தில் நிற்பதற்குப் பந்தயம் கட்டினார்கள். வெண்ணெய்ப் பந்தை அடைந்ததும், வெண்பாவை என் கையிலேயே விட்டுவிட்டு, பாறைச் சரிவில் சறுக்கிச் சறுக்கிக் கால்சட்டையின் பின்புறத்தைத் தேய்த்துக் கொண்டார்கள். மூன்றாவது சீட்டை ஒரு வெள்ளாடு நிதானமாக மென்று தின்றது. என் கவிதையை முழுமையாக உட்கொண்ட ரசிகர் இன்றுவரை அது ஒன்றே. புதையலான சாக்லேட் வெயிலில் உருகிவிடவே, கடற்கரைச் சுண்டலோடு வைபவம் பரமானந்தமாக நிறைவுற்றது.

பிறந்த நாள் குழந்தைக்கு உரியது. மாமனின் புலமைக்கு அன்று.