இல்லை என்று சொல்லாத பெட்டி

ஆடி பிறந்தால் வடகாடு, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துக்குப் பந்தல் எழும். அங்கே யாரைப் புகழ்வதானாலும் முதல் மாலை எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குத்தான். மைக் செட், சீரியல் லைட், பெரிய ஃபேன், கிரைண்டர், பணம் எண்ணும் மெஷின் என்று யார் வந்தாலும் அது இல்லை என்று சொன்னதில்லை. இரண்டு பின் வந்தாலும் வாங்கும், மூன்று பின் வந்தாலும் வாங்கும். பிளக்கே இல்லாமல், தோலுரித்த ஒயரைத் தீக்குச்சி வைத்து இறுக்கினாலும் முகம் சுளிக்காது. மொய்யில் வாங்கியதெல்லாம் நோட்டில் ஏறும். இந்தப் பெட்டியோ வாங்கியதற்குக் கணக்கே வைத்துக்கொள்ளாது.

அதன் அடக்கமும் பெரிது. தன் அளவை முதுகுப் பக்கம் பொடி எழுத்தில் வைத்திருக்கும்: பெரும்பாலும் 6 ஆம்பியர். நம் வீட்டு 230 வோல்ட்டில் அது 1,380 வாட். அயர்ன் பாக்ஸ் ஒன்றே 1,000 வாட் கேட்கும். வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு 1,500, இன்டக்‌ஷன் அடுப்பு 2,000. ஆறு துளையிலும் ஆறு பொருளைச் செருகலாம் என்று அதன் முகம் அழைக்கும். ஆறுக்கும் சேர்த்துத்தான் அந்த 6 ஆம்பியர் என்பதைப் பெட்டி வாய்விட்டுச் சொல்லாது.

பொறுமையில் அதை மிஞ்ச ஆளில்லை. மெயின் போர்டில் எம்.சி.பி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். ஆனால் பவர் பாயின்ட்டுக்கான எம்.சி.பி 16 அல்லது 20 ஆம்பியர். சுவருக்குள் ஓடும் தடித்த ஒயரைக் காப்பதுதான் அதன் வேலை. வெளியே தரையில் கிடக்கும் மெல்லிய ஒயர் 12 ஆம்பியரைச் சுமந்து வெந்துகொண்டிருந்தாலும் எம்.சி.பி ட்ரிப் ஆகாது. ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்.சி.டி-யும் அசையாது. கரண்ட் எங்கும் கசியவில்லையே, அது எதற்கு அசைய வேண்டும்? கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு. அத்தனையையும் பெட்டி தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரை அந்த இரண்டு காவலர்களிடமும் காட்டிக்கொடுக்காமல் காக்கிறது.

இடமும் பெரிதாகக் கேட்காது. பீரோவுக்குப் பின்னால், பாய்க்கு அடியில், கீற்றுக் கொட்டகையின் மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டாலும் போதும். மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டினால் உள்ளே பிறந்த சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். ஒயர் எட்டாவிட்டால் இன்னொரு பெட்டியைச் செருகுகிறோம். பின்னால் சேரும் எல்லாருடைய பாரத்தையும் முதல் பெட்டி தனியாகச் சுமக்கும்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தபோது இந்தப் பெட்டி செய்த உதவியை மட்டும் நான் குறைவில்லாமல் புகழ்வேன். வாடகை ஜெனரேட்டரிலிருந்து இழுத்த ஒரு லைனில் தெருவே செல்போன் சார்ஜ் போட்டுக்கொண்டது. ஒரு சார்ஜருக்கு 20 வாட் என்றாலும், இருபது சார்ஜருக்கு 400 வாட்தான். பெட்டி பிறந்தது இந்த வேலைக்கு: சின்னப் பொருள், கொஞ்ச நேரம். கரண்ட் வந்த பிறகும் அதை அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. அடுப்படிக்கு ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் போடும் செலவை அது மிச்சம் பிடித்துத் தந்தது. அதற்கு நன்றியாக ஃபிரிட்ஜையும் இன்டக்‌ஷன் அடுப்பையும் அதன் தலையில் ஏற்றினோம்.

எர்த் விஷயத்திலும் அதன் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் மூன்று துளை இருக்கும், உள்ளே ஒயர் இரண்டுதான் ஓடும். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும் பெண்ணுக்கு அந்த மூன்றாவது துளை வெறும் அலங்காரம். கடையில் ஐ.எஸ்.ஐ முத்திரையைத் தேடாமல், விலையை மட்டும் கேட்டு வாங்கும் நம்மையும் அது மறுப்பதில்லை.

இவ்வளவு வாய்மூடி உழைக்கும் பெட்டியும் ஒன்றே ஒன்று சொல்லும். பிளக்கைத் தொட்டால் சுடும், துளை ஓரம் பழுப்பேறும், பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். அப்போது டேப் சுற்ற வேண்டாம். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஹீட்டரும் அடுப்பும் சுவரிலேயே செருகும்படி எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.