பொருள்: 1984 மாடல் புல்லட்டில் அனுமதியின்றி நடந்த மாற்றங்கள் – ஒப்புதல் வாக்குமூலம்

பெறுநர்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்

ஐயா,

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52-ஐயும் அதற்கான தண்டனைப் பிரிவையும் படித்தேன். கம்பெனி செய்து கொடுத்தபடி இருக்க வேண்டிய வண்டியை வீட்டில் வைத்து மாற்றக் கூடாதாம். மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒன்றுக்கு' என்ற சொல்லில்தான் எனக்கு வியர்த்தது.

எண்ணிச் சொல்லிவிடுகிறேன். ஹேண்டில்பார் வேறு. பின் மட்கார்டில் அரை சாண் வெட்டினேன். மீன்கூடை கட்ட அப்பா காலத்தில் போட்ட கேரியர் காசிமேட்டில் படகுக்கு வெல்டிங் வைப்பவரின் கைவேலை; எடை தாங்கும், அழகு கேட்காதீர்கள். சீட் புதுப்பேட்டையிலிருந்து வந்தது. எந்த வண்டியுடையது என்று விற்றவருக்கும் தெரியாது. சைலன்சரில் மட்டும் கை வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

ஆனால் ஐயா, என்னோடு வேறு சில குற்றவாளிகளும் இருக்கிறார்கள். முதல் ஆள் உப்புக் காற்று. மட்கார்டில் நான் வெட்டியது அரை சாண்தான், மீதியைத் தின்றது அவர். ஞாயிறுதோறும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன்; உப்புக் காற்றுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. அடுத்தது எண்ணூர் நெடுஞ்சாலைப் பள்ளங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு என் முன் ஃபோர்க்கே லேசாக இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது. இந்த மாற்றத்துக்கு 5,000 யார் கணக்கில்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது தங்களுக்கும் நினைவிருக்கும். வடிந்தபோது வண்டி முழுக்க ஒரு கோட்டிங் ஏறியிருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் கருப்பு. வந்த எண்ணெயும் கருப்பு. ஆகவே நிறம் மாறியதா இல்லையா என்பதைத் தாங்கள்தான் விளக்க வேண்டும்.

அசல் எது என்பதிலும் எனக்கொரு குழப்பம். புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச்சில் பிறந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து எங்கள் திருவொற்றியூருக்கு வந்தது. பிறந்த ஊர் ஆலையை மூடிவிட்டார்கள், வண்டி இங்கே இன்னும் ஓடுகிறது. வலது காலில் இருந்த கியரைப் பிற்பாடு கம்பெனியே இடது காலுக்கு மாற்றியது. அதற்கு மாற்றம் ஒன்றுக்கு என்று யாரும் கணக்குப் போடவில்லை. டேங்கிலுள்ள கோடுகளையோ ஸ்டிக்கர் ஒட்டாமல் தூரிகையால் கையோட்டமாக இழுப்பார்கள். அப்படியென்றால் ஒரு டேங்க் மாதிரி இன்னொன்று இருக்குமா? எதை அசல் என்று வைத்து என் டேங்கை அளப்பீர்கள்?

ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. ஆய்வாளரை அனுப்புங்கள். ஆம்பியர் முள் நடுவில் வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்து ஒரு இழை தாண்டவிட்டு, அப்புறம் ஒரே உதை. முதல் உதையிலேயே கிளம்பினால் அபராதம் முழுவதையும் கட்டிவிடுகிறேன். முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். பூட்ஸ் போட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
திருவொற்றியூர் தேரடி வாசி