எந்தக் குட்டிப் பெட்டி?

கேள்வி: பழைய மாரியோ ஆட்டங்களை மறுபடி ஆட ஆசை. நின்டென்டோவின் என்இஎஸ் கிளாசிக் வாங்கலாமா, எஸ்என்இஎஸ் கிளாசிக் வாங்கலாமா?

பதில்: எண்ணிக்கை பார்த்தால் 2016-இல் வந்த முதலாவது: 30 ஆட்டங்கள். 2017-இல் வந்த இரண்டாவதில் 21தான். ஆனாலும் என் ஓட்டு இரண்டாவதுக்கே! சூப்பர் மெட்ராய்டு ஒன்றே ஒரு கோடை விடுமுறையை விழுங்கிவிடும். 1990-களில் உருவாக்கி, வெளியிடாமலே பூட்டிவைத்த ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’ வெளிச்சம் கண்டதும் இதில்தான். முதலாவதன் கன்ட்ரோலர் வயர் முக்கால் மீட்டர், டி.வி.யின் மடியில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். இதில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமித்து, அங்கிருந்தே தொடரலாம். இரண்டுமே இப்போது தயாரிப்பில் இல்லை. பழசாக வாங்கும்போது போலிகளிடம் உஷார். கேசட்டை ஊதி ஊதிச் செருகிப் பழகியவரா? இதில் ஊத இடமே கிடையாது!