கொடியைப் பாருங்க மாப்ள, கோபுரம் எங்கயும் போகாது

ஏனுங் மாப்ள, பாரீசுக்குப் போறீங்களாமா? பாப்பா போன்ல சொல்லுச்சு. நாப்பது பேரு சேந்து போற டூராம், ஆறு நாடாம், அதுல பாரீசுக்குன்னு முழுசா ஒரு நாள் ஒதுக்கியிருக்காங்களாம். நெம்ப சந்தோசமுங்க. கல்யாணமாகி இத்தனை வருசத்துல நம்ம தோட்டத்துக் கெணத்து மேடு வரைக்கும் வந்து பாக்க உங்களுக்கு நேரங் கெடைக்கல. பாரீசை ஒரே நாள்ல பாத்துப்போடுவீங்கன்னா நீங்க கெட்டிக்காரருதான்.

நானும் உங்க அத்தையும் இதே மாதிரி கூட்டத்தோட போயிட்டு வந்தவங்க. அதனால நாலு வார்த்தை சொல்லி வெக்கறேன். மாமனார் பேச்சைக் கேக்கற மாப்பிள்ளை கொங்கு நாட்டுல இன்னும் பொறக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க. இருந்தாலும் கடமைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?

மொதல்ல, அந்த ஊர்ல பெரிய ஆளு ஆருன்னு தெரிஞ்சுக்கோணும். ஜனாதிபதின்னு நெனைச்சுப்போடாதீங்க. உங்க பஸ் டிரைவருதான். ஐரோப்பாவுல டிரைவருக்குன்னு தனிச் சட்டமே இருக்குது. நாலரை மணி நேரம் வண்டி ஓட்டுனா முக்கா மணி நேரம் ஓய்வெடுத்தே ஆகோணும். ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரந்தான் ஓட்டலாம். வாரத்துல ரெண்டு நாளைக்கு மட்டும் பத்து. அவரு ஓட்டறதையும் நிறுத்தறதையும் வண்டிக்குள்ள ஒரு மிஷினு நிமிஷக் கணக்கா எழுதிட்டே இருக்கும். "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம், ஊட்டுக்காரி வந்துட்டே இருக்கா"ன்னு டீ வாங்கிக் குடுத்துச் சரிக்கட்டற வேலையெல்லாம் அங்க எடுபடாது. எங்க கூட்டத்துல ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் இருந்தாரு. லேட்டா வந்த பிள்ளைகளை வாசல்ல முட்டி போட வெச்சே பேரு வாங்குனவரு. அங்க எல்லா எடத்துலயும் பஸ்ஸுக்குக் கடைசியா வந்தது அவருதான். நாங்க ஆரும் அவரை முட்டி போடச் சொல்லல. முட்டி ஏற்கெனவே வலிக்குதுன்னு அவரே சொல்லிட்டாரு.

டிரைவருக்கு அடுத்தது கொடி. உங்களைக் கூட்டிட்டுப் போறவன் கையில ஒரு கொடியோ கொடையோ இருக்கும். அன்னைக்கு நீங்க கண்ணெடுக்காமப் பாக்க வேண்டிய பொருளு அதுதானுங்க. ஈஃபிள் டவரை விட்டா மறுக்கா பாத்துக்கலாம். கொடியை விட்டா அடுத்து நீங்க பாக்கறது போலீஸ் ஸ்டேசன். அதனால கொடியைப் பாருங்க.

ஏஜென்சிக்காரன் அச்சடிச்ச தாளைக் கண்ணாடி போட்டுப் படியுங்க. பெரிய எழுத்துல பத்து எடம் போட்டிருப்பான். பக்கத்துல பொடி எழுத்துல "வெளியிலிருந்து"ன்னும், "பேருந்திலிருந்தபடியே"ன்னும் இருக்கும். அந்தப் பொடி எழுத்துதான் டூரு. வெற்றி வளைவை நீங்க பஸ்ஸுல உக்காந்தபடியேதான் பாப்பீங்க. பன்னெண்டு ரோடு வந்து கூடற எடமுங்க அது. நெப்போலியன் 1806ல கட்டச் சொன்னான். கட்டி முடிச்சது 1836ல. அதுக்குள்ள, 1821லயே, ஆளு போய்ச் சேந்துட்டான். அவனுக்கே அவ்வளவு நேரந்தான் குடுத்து வெச்சுது, உங்களுக்கு ஒரு நிமிஷம் கெடைக்கறதுக்குக் கோவப்படாதீங்க. ஆனா ஒண்ணு: அந்த நாட்டுல வண்டி வலது கைப்பக்கம் போகும், வளைவு பஸ்ஸுக்கு எடது பக்கமாத்தான் வரும். காலையில ஏறும்போதே எடது சன்னலோரம் புடிச்சுக்குங்க. உங்க அத்தை வலது பக்கம் உக்காந்து பன்னெண்டு ரோட்டு மொனையில இருக்கற கடையையும் பாத்துட்டு, வளைவு எங்கன்னு கேட்டா.

அப்பறம் ஈஃபிள் டவரு. பைச் சோதனைக்கு ஒரு வரிசை, லிஃப்டுக்கு ஒரு வரிசை, மேல போனா அடுத்த லிஃப்டுக்கு இன்னொரு வரிசை. வரிசையில நிக்கும்போது பேசறதுக்கு உங்களுக்கு ஒரு சங்கதி சொல்றேன். 1889 கண்காட்சிக்காகக் கட்டுனது அது. கட்டறப்பவே, ஊருக்கு இது அசிங்கம்னு 1887ல எழுத்தாளருங்களும் ஓவியருங்களும் சேந்து கையெழுத்துப் போட்டுப் பேப்பர்ல எழுதுனாங்க. இருபது வருசத்துக்குத்தான் அனுமதி. அதுக்கப்பறம் பிரிச்சுப் போடறதாப் பேச்சு. ரேடியோக் கம்பி மாட்ட ஒயரமான எடம் வேணும்னு ஆனதால தப்பிச்சுது. நோம்பிக்குப் போட்ட பந்தலைப் பிரிக்காம உட்டுட்டாப்பல, இன்னைக்கு 330 மீட்டர் ஒயரத்துல நின்னுட்டிருக்குது. ஏழு வருசத்துக்கு ஒருக்கா பிரஷ்ல கையாலயே பெயிண்ட் அடிக்கறாங்க, 60 டன்னு புடிக்குமாம். ரெண்டாந் தட்டு வரைக்கும் படியிலயும் ஏறலாம், 674 படி. நீங்க லிஃப்டுலயே போயிருங்க. உங்க ஒடம்பு வாகு எனக்குத் தெரியாதுங்களா?

அங்க எல்லாரும் மேல பாத்துட்டு நிப்பாங்க. மேல பாக்கறவன் பையைப் பாக்கறதுக்குன்னே கீழ சில பேரு இருப்பாங்க. சேன் ஆத்தோரமா நடந்தீங்கன்னா ஒரு பொண்ணு முன்னால குனிஞ்சு ஒரு மோதரத்தை எடுத்து, "உங்களுதா?"ன்னு கேக்கும். தங்கமாட்டமே இருக்கும். நீங்க வாங்கிட்டா, சாப்பாட்டுக்குக் காசு குடுன்னு பின்னாலயே வரும். எங்ககூட வந்த அம்மா ஒருத்தங்க, அடுத்தவங்க தாலிக்கொடியைத் தூரத்துல பாத்தே எத்தனை பவுனுன்னு சொல்றவங்க. மோதரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்து, கைப்புடிச் செவுத்துல ஒரு ஒரசு ஒரசி, "பித்தளை கண்ணு, ஆரோ உன்னைய ஏமாத்திப்போட்டாங்க"ன்னு தமிழ்லயே சொல்லி அது கையிலயே குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு முகத்தைப் பாக்கோணுமே! பாரீசுல நான் பாத்த காட்சியில அதுக்குத்தான் மொத எடம். மோன்மார்த் கோயில் படிக்கட்டுல கையில கயிறு கட்டி உட்டுட்டுக் காசு கேக்கற கூட்டமும் உண்டு. கைய பாக்கெட்டுல வெச்சுட்டு ஏறுங்க.

லூவர் மியூசியத்துக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்களா, இல்லை அந்தக் கண்ணாடிப் பிரமிடு முன்னால போட்டோ எடுத்து ஏத்திட்டுப் போறாங்களான்னு கேட்டு வெச்சுக்குங்க. செவ்வாக்கெழமை போனா பூட்டுதான் இருக்கும். உள்ள போனா நேரா மோனாலிசாகிட்டத்தான் ஓட்டுவாங்க. 77 சென்டிமீட்டர் ஒயரம், 53 அகலம். நம்ம ஊட்டுக் காலண்டர் கொஞ்சம் பெருசு. முன்னால நூறு கை, நூறு செல்போன். 1911ல அங்க கண்ணாடிச் சட்டம் பண்ற வேலை பாத்த இத்தாலிக்காரன் ஒருத்தன், வின்சென்சோ பெருஜ்ஜான்னு பேரு, படத்தைக் களவாண்டுட்டுப் போயிட்டான். ரெண்டு வருசம் கழிச்சுத்தான் ஃப்ளோரன்ஸ்ல மாட்டுனான். அந்தக் காலத்துல, படம் இருந்த வெறுஞ்செவுத்தைப் பாக்கறதுக்கு சனம் வரிசையில நின்னுச்சாம். அந்த ஆளுகளுக்கு ஒரு சவுரியம்: செவுரு நல்லாத் தெரிஞ்சிருக்கும்.

நீங்க என்ன பண்றீங்க, மோனாலிசாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்க. அதே அறையில எதுத்தாப்புல ஒரு கல்யாண ஊடு தெரியும். வெரோனீஸ்னு ஒருத்தரு 1563ல வரைஞ்சு முடிச்சது. அகலம் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, ஒயரம் 6.77. அந்த மியூசியத்துலயே பெரிய படம். வெனிசுல ஒரு மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துல இருந்ததை நெப்போலியன் படை 1797ல கழட்டிட்டு வந்துருச்சு. கானா ஊர்க் கல்யாணத்துல ஏசு தண்ணியைத் திராட்சை ரசமாக்குன கதைதான். பந்தி விசாரிக்கறவன், பாட்டுக் கச்சேரி, மேல நின்னு கறி வெட்டறவன், காலடியில நாயி, ஒண்ணு பாக்கியில்லை. ஏசு நடுவுல அமைதியா உக்காந்திருக்காரு, ஒருத்தரும் அவரைக் கண்டுக்கல. பொண்ணும் மாப்பிள்ளையும் எங்கன்னு தேடுனேன். எடது பக்கத்துக் கடைசியில ஒரு மூலையில உக்காத்தி வெச்சிருக்காங்க. மாப்பிள்ளைக்கு அங்கயும் மருவாதி அவ்வளவுதானுங்க, மனசைத் தேத்திக்குங்க.

அந்தப் படத்துக்கு முன்னால கூட்டமே இல்லை. பத்து நிமிஷம் நின்னேன். கொடி அதுக்குள்ள அடுத்த அறைக்குப் போயிருச்சு. போகட்டும்னு நின்னேனுங்க. கொடியைப் பாருங்கன்னு சொன்ன மாமனா இப்படின்னு கேப்பீங்க. மாப்பிள்ளைக்குச் சொல்ற புத்தி வேற, மாமன் நடக்கற வழி வேற.

சோறு? இந்திய ஓட்டல்ல பருப்பும் பன்னீரும் போடுவாங்க. முப்பத்தஞ்சு நிமிஷத்துல எந்திரிக்கோணும். உங்க அத்தை பையில பருப்புப்பொடி இருந்துது, பொழைச்சோம். கார் து நோர் ரயிலடிக்குப் பின்னால லா சப்பல்னு ஒரு எடம். சண்டைக்குத் தப்பி வந்த ஈழத்துச் சனம் கடை கடையாப் போட்டு நடத்தறாங்க. முருங்கக்காயில இருந்து கொத்துரொட்டி வரைக்கும் கெடைக்கும். மாணிக்க விநாயகர் கோயில் 1985ல இருந்து இருக்குது. ஆகஸ்டு கடைசி வாக்குல தேரு இழுப்பாங்க, பாரீசு ரோட்டுல தேங்காய் செதறும், வெள்ளைக்காரங்களும் கூட நடப்பாங்க. டூர் பஸ்ஸு அந்தப் பக்கம் திரும்பாது. அவிய தாள்ல பத்துமணிக்கு வேற ஒண்ணு போட்டிருக்கும்: வாசனைத் தைலத்துக்கு மியூசியம். இலவசம். சுத்திக் காட்டி முடிச்சு உடற கதவு கடைக்குள்ள தொறக்கும். பாப்பா கையைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க, இல்லாட்டிப் பர்சைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. ரெண்டையும் புடிக்க முடியாது.

கூச்சப்படாம ஒண்ணு சொல்றேன். பாரீசுல ரோட்டோரம் தானாத் தொறக்கற கக்கூசு நெறைய இருக்குது. 2006ல இருந்து காசு இல்லை. ஒருத்தரு வெளிய வந்ததும் கதவு மூடிக்கும், உள்ள தண்ணி விட்டுத் தன்னாலயே கழுவிக்கும், அப்பறந்தான் அடுத்த ஆளு. வந்தவரு கதவைப் புடிச்சுட்டு "வாங்க வாங்க"ன்னு நம்ம மருவாதியில கூப்புடுவாரு. போயிராதீங்க. கழுவற நேரத்துல உள்ள மாட்டுனா உங்களையும் சேத்துக் கழுவிப்போடும். நாப்பது பேரு, ஒரு கக்கூசு, ஒவ்வொருத்தருக்கப்பறமும் ஒரு கழுவல்: அன்னைக்குப் பயணத் திட்டத்தை நிர்ணயம் பண்றது அதுதானுங்க, ஏஜென்சி இல்லை. தண்ணிக்குக் காசு குடுக்காதீங்க. 1872ல வாலஸ்னு ஒரு இங்கிலீஷ்காரன் வெச்சுக் குடுத்த பச்சை இரும்புத் தொட்டி அங்கங்க நிக்குது, நாலு பொம்பளைங்க தலையில கூரையைத் தாங்கிட்டு இருப்பாங்க, அதுல புடிச்சுக்கலாம். அந்தத் தண்ணியைக் குடிச்சா மறுக்கா கக்கூசுங்கறதையும் ரோசனை பண்ணிக் குடிங்க.

நோத்ர தாம் கோயில்ல மட்டும் நான் கேலி பேசல. 2019 ஏப்ரல் 15ல கூரை எரிஞ்சு உழுந்துது, 2024 டிசம்பர்ல மறுபடி தொறந்துட்டாங்க. கூரைக்கு ஓக் மரத்தைப் பழைய மொறையிலயே கோடாலியில செதுக்கியிருக்காங்க. அஞ்சு வருசத்துல. உள்ள போகக் காசு இல்லை.

ராத்திரி டவரு மின்னறதைப் பாக்காம உடமாட்டாங்க. இருட்டுனதுக்கப்பறம் மணிக்கு ஒருக்கா, அஞ்சு நிமிஷம். ஆனா ஜூன் மாசம் அங்க பொழுது உழுகறதே பத்து மணி வாக்குல. பதினோரு மணிக்கு நீங்க டவரைப் பாக்கும்போது நம்மூர்ல ரெண்டரை. அதுக்கு முன்னால சேன் ஆத்துல ஒரு மணி நேரம் படகு. அதுல தூங்கிக்குங்க, எல்லாரும் அதுக்குத்தான் ஏறறாங்க.

கடைசியா ஒண்ணு. டவருக்கடியில இரும்பு வளையத்துல குட்டி டவரைக் கோத்து, ஒரு ஈரோவுக்கு அஞ்சுன்னு விப்பாங்க. ஒறம்பரைக்கெல்லாம் வாங்கோணும்னு பாப்பா நிக்கும். வேண்டாமுங்க. நான் வாங்கிட்டு வந்ததுல பாதி அட்டாலியில டப்பாவோட அப்படியே கெடக்குது. போகும்போது ஊட்டுப் பக்கம் வாங்க, குடுத்து உடறேன். ஒண்ணு இருபது ரூவா போட்டுக் குடுங்க, போதும்.