தரைவழிக்காரர்

லண்டனிலிருந்து ஏதென்ஸுக்கு விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தரைவழிக்காரர் போகமாட்டார். லண்டனில் யூரோஸ்டார் ஏறி, பாரிஸில் இறங்கி, கார் து நோர் நிலையத்திலிருந்து கார் து லியோனுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி, ஆல்ப்ஸைத் தாண்டி, இத்தாலியின் குதிகால் பக்கம் பாரியில் கப்பலேறி, மறுநாள் பட்ராஸ் துறைமுகத்தில் கால் வைப்பார். அங்கிருந்தாவது நேராக ஏதென்ஸுக்கு ரயில் உண்டா என்றால் இல்லை. பழைய மீட்டர்கேஜ் பாதையை மூடி வருஷக்கணக்காகிறது. பஸ்ஸில் போய் வழியில் ரயிலுக்கு மாறவேண்டும். இத்தனையும் தாண்டி வந்த மனிதர் ஆக்ரோபோலிஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மிலானில் பதினோரு நிமிஷத்தில் வண்டி மாறியதைத்தான் பேசுவார்.

அவருக்கு ரயில் மேல் காதல் என்று உலகம் நினைக்கிறது. அவர் காதல் முழுவதும் ரயில் மாறுவதன் மேல் என்பது என் கட்சி. தாமஸ் குக் நிறுவனம் 1873 முதல் வெளியிட்டுவந்த ஐரோப்பிய ரயில் கால அட்டவணை 2013-இல் நின்றது. அதைத் தயாரித்தவர்களே 2014-இல் சொந்தமாக மறுபடி அச்சடிக்கத் தொடங்கினார்கள். எல்லா வண்டியும் செல்போனில் தெரிகிற காலத்தில் அந்தப் பொடி எழுத்துப் புத்தகத்தைக் காசு கொடுத்து யார் வாங்குவார்? இவர் வாங்குவார். செல்போன் ஒரு வழியைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். புத்தகத்திலோ இந்த வண்டியை விட்டால் அடுத்தது, அதையும் விட்டால் அதற்கடுத்தது என்று விரலால் தேடலாம். பேசலில் வந்து சேரும் வண்டிக்கும் மிலான் வண்டிக்கும் ரஜ்ஜு தட்டுகிறதா என்று ஜாதகம் பார்க்கும் பெரியவரைப் போலத்தான் உட்கார்ந்திருப்பார்.

சுற்றுச்சூழலுக்காகத்தானே விமானத்தை விட்டார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விமானத்தோடு ஒப்பிட்டால் ரயில் விடும் கரி சொற்பம். அதை அவர் மனமார நம்பவும் செய்கிறார். ஆனால் அவர் குஷியாக ஏறும் ஸ்டாக்ஹோம்–துர்க்கு கப்பலைப் பாருங்கள். நடுவழியில் அது ஓலண்ட் தீவைத் தொட்டுவிட்டுப் போகிறது. அந்தத் தீவு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், தொட்டால்தான் கப்பலுக்குள் தீர்வையில்லாத சாராயம் விற்கலாம். பூமியைக் காப்பாற்றப் புறப்பட்ட கப்பலாக எனக்கு அது தெரியவில்லை.

இதைவிட வலுவான சான்று ஹாம்பர்க்–கோபன்ஹேகன் ரயில். புட்கார்டன் துறையில் அது அப்படியே கப்பலின் வயிற்றுக்குள் நுழையும். பயணிகள் இறங்கி மேல்தளத்துக்குப் போவார்கள். முக்கால் மணி கழித்து டென்மார்க் பக்கம் ரோட்பியில் ரயில் கரையேறும். 2019 டிசம்பரில் இதை நிறுத்திவிட்டார்கள். அதே கடலுக்கு அடியில் சுமார் 18 கிலோமீட்டருக்குச் சுரங்கம் கட்டுகிறார்கள். திறந்துவிட்டால் இரண்டரை மணியில் கோபன்ஹேகன் போய்விடலாம் என்கிறார்கள். அந்தத் தடத்தில் விமானத்தை யார் சீண்டுவார்? தரைவழிக்காரர் துள்ளிக் குதிக்கவேண்டிய செய்தி. அவரோ துக்கம் காக்கிறார். பக்தியை இப்போது மெசினா நீரிணைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். அங்கே சிசிலி ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, கப்பலுக்குள் இருக்கும் தண்டவாளங்களில் பக்கம்பக்கமாக நிறுத்தி, அக்கரையில் திரும்பக் கோக்கிறார்கள். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிற கடலுக்கு இத்தனை சடங்கு! பாலம் கட்டப்போவதாகப் பல பத்தாண்டுகளாகப் பேச்சு. பேச்சோடு போகட்டும் என்பது இவர் வேண்டுதல்.

சிக்கனம் காரணமாக இருக்கலாமோ? ஒரே சீட்டில் ஐரோப்பிய நாடுகளை ரயிலில் சுற்றவிடும் இன்டர்ரெயில் பாஸ் 1972-இல் வந்தபோது 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது சிக்கனம்தான். இன்று மலிவு விமான டிக்கெட்டை நாலு ரயிலும் ஒரு கப்பலும் ஜெயிப்பது அபூர்வம். வரியில்லா எரிபொருளில் பறக்கிறவனோடு எப்படிப் போட்டி போடுவது? இயற்கைக் காட்சி என்பார்கள். ஆறு படுக்கைக் கூபேயின் நடுப்பலகையில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்று மல்லாந்தபடி இருட்டில் ஆல்ப்ஸைக் கடப்பவருக்கு என்ன காட்சி?

பிறகு எதுதான் காரணம்? விமானத்தில் பயணி வெறும் சரக்கு. பெல்ட்டைப் போடு என்றால் போடவேண்டும், அவ்வளவுதான். தரைவழியிலோ நியமன உத்தரவு இல்லாத ஸ்டேஷன் மாஸ்டர் அவர். எது தவறினாலும் தீர்ப்பு அவருடையது. அப்படியானால் தாமதம் அவரை வாட்டுமே என்றால், ஜெர்மனியைப் பாருங்கள். ஆறு நிமிஷத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாத அந்த நாட்டில்கூட 2024-இல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. மற்றவர்கள் இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இவருக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. ஐரோப்பிய விதிப்படி ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம் திரும்ப வரும், இரண்டு மணி ஆனால் 50. படிவம் கைப்பையில் தயாராக இருக்கும். ஓட்டுநர் வேகமெடுத்து 58 நிமிஷத் தாமதத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டால், வண்டி சீக்கிரம் வந்ததற்காக அவரைத் திட்டும் ஒரே பயணி இவர்தான்.