தாம்பரத்துக் குடும்பங்களின் மெரினாச் செலவு: திட்டமிடல் நோக்கில் ஓர் ஆய்வு

1. வரையறை

மெரினாச் செலவு என்பது, சென்னையின் தெற்குப் புறநகரில் வாழும் ஒரு குடும்பம் விடுமுறை நாளொன்றில் மின்சார ரயிலேறி மெரினா மணலை அடைந்து, அன்றிரவே வீடு திரும்புவதாகும். இரவு தங்கினால் அது சுற்றுலா. பேருந்தில் போனால் அது வேறு துறை. காரில் போனால் அது ஆய்வுக்குரியதே அன்று.

தாம்பரத்துக்கும் கடற்கரை நிலையத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. எனவே இச்செலவின் வரலாறு ஒரு நூற்றாண்டை நெருங்குகிறது. இக்காலம் முழுவதிலும் குறித்த நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பிய குடும்பம் பற்றி எவ்வகைச் சான்றும் கிடைக்கவில்லை.

2. பொழுது

தொல்காப்பியம் நெய்தல் திணைக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்துள்ளது. இதன் காரணம் குறித்து ஏடுகள் நிரம்ப எழுதப்பட்டுள்ளன. குடும்பச் சான்றுகளைக் கொண்டு நோக்கினால் காரணம் எளிது: காலை 7 மணிக்குக் கிளம்புவதென்று முடிவு செய்த குடும்பம் பொழுது சாயும் வேளையில்தான் கடற்கரை சேரும். மெரினா கிழக்கு பார்த்த கரையாதலால், மாலையில் சூரியன் முதுகுப்புறக் கட்டடங்களுக்கு அப்பால் இறங்கிவிட, மணலும் கால் வைக்கும் சூட்டுக்கு வந்திருக்கும். ஆகவே தாமதம் பிழையன்று, மரபு.

தாமதம் மூவகைப்படும்: குளியலறைத் தாமதம், இஸ்திரித் தாமதம், பூட்டுத் தாமதம். இவற்றுள் இறுதியது மூன்று உட்பிரிவுகளை உடையது: பூட்டை இழுத்துப் பார்த்தல், தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தல், கேஸ் மூடினோமா என்ற ஐயத்தால் திறந்து, மூடியிருப்பதைக் கண்டு, மீண்டும் முதல் உட்பிரிவிலிருந்து தொடங்குதல்.

3. செல்வோர் வகை

அ. திட்டம் போட்டவர்.

ஆ. வரமாட்டேன் என்றவர். முதலில் தயாராகி வாசலில் நிற்பவர் இவரே.

இ. கட்டாயம் வருகிறேன் என்றவர். வரமாட்டார்.

ஈ. குழந்தைகள். ரயிலில் 5 வயது நிரம்பாதோர்க்குக் கட்டணமில்லை. 5 முதல் 12 வயதுக்குட்பட்டோர்க்குப் பாதிக் கட்டணம். இதனால் ஒரே குழந்தைக்குப் பள்ளியில் ஒரு வயதும், டிக்கெட் கவுண்டரில் இன்னொரு வயதும் வழங்கி வருகின்றன. புலவர் ஒருவரை நூற்றாண்டுக் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கும் இலக்கிய வரலாற்றாசிரியர்கள், ஓராண்டை மட்டும் நகர்த்தும் தாய்மார்களைக் குறைகூறத் தகுதியுடையோர் அல்லர்.

4. வழி

புதியோர் செய்யும் முதற்பிழை, கடற்கரை செல்லக் கடற்கரை நிலையத்தில் இறங்குவது. அங்கே கடற்கரை இல்லை, துறைமுகம் இருக்கிறது. இன்றைய ராஜாஜி சாலையின் ஓரம்வரை ஒருகாலத்தில் அலை வந்துகொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலை அவை மறித்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. அதாவது, கடற்கரை நிலையத்திடமிருந்து கடலைப் பறித்த அதே துறைமுகம்தான் மெரினாவுக்கு மணலை வழங்கியது. இக்கொடுக்கல் வாங்கலை ரயில்வே பெயர்ப்பலகை இன்றளவும் ஏற்கவில்லை.

ஆதலின் தாம்பரத்தார் பூங்கா நிலையத்தில் இறங்கி, அருகிலுள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறுதல் வேண்டும். இப்பாதை 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் மயிலை வரையிலும் வந்தது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்னும் மூன்றில் எங்கு இறங்கினாலும் நடக்க வேண்டும். எங்கு இறங்கியிருந்தாலும், வேறொன்றில் இறங்கியிருக்கலாம் என்று ஒருவர் கூறுவார்.

மகளிர் மகளிர் பெட்டியிலும் ஆடவர் பொதுப்பெட்டியிலும் ஏறும் குடும்பங்களில், ஒரு சாரார் பூங்காவிலும் மறு சாரார் கோட்டையிலும் இறங்குதல் உண்டு. இது பாலைத் திணையுள் அடங்கும்.

5. உணவு

புளிசாதம். இதில் கருத்து வேறுபாடு இல்லை.

6. குடை

தேவையில்லை. எடுத்துச் செல்லப்படும்.

7. செருப்புக் காவல்

7.1 தோற்றம்

மெரினா மணற்பரப்பின் அகலம் சராசரியாக 300 மீட்டர் அளவினது. சாலையோரம் செருப்பைக் கழற்றிவிட்டு அத்தொலைவு நடப்பார் இலர். செருப்போடு அலையில் இறங்குவாரும் இலர். ஆகவே இடையில் ஓரிடத்தில் பெட்ஷீட் விரிக்கப்பட்டு, காற்றில் பறவாதிருக்க நான்கு முனைகளிலும் செருப்பு வைக்கப்படும். ஐவர் கொண்ட குடும்பத்துக்குச் செருப்பு பத்து. முனைக்கு ஒன்றாக நான்கு போக எஞ்சிய ஆறும், புளிசாதத் தூக்கும், மேற்படி குடையும் நடுவில் கிடக்கும். நீரோட்டம் இழுக்கும் கடலாதலால் மெரினாவில் குளிக்கக் காவல்துறை தடை விதித்துள்ளது. எனவே கால் நனைப்பது ஒன்றே செயல். அதற்கு அனைவரும் ஒரே நேரத்தில் எழுவர். அந்நிலையில் எழாமல் இருக்க வேண்டியவர் எவரோ, அவரே செருப்புக் காவலர்.

7.2 தேர்வு பற்றிய கொள்கைகள்

முதியோரே காவலர் என்பது தொன்மையான கொள்கை (பெரியப்பா, சாய்வு நாற்காலி உரை). முழங்கால் வலி இதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆயின் பஜ்ஜிக் கடை கண்ணில் பட்டதும் அவ்வலி நீங்கிவிடுவதை இக்கொள்கையினர் விளக்கவில்லை.

மாப்பிள்ளையைக் காவலில் அமர்த்தலாகாது என்பது இரண்டாவது கொள்கை (பாட்டி, வாய்மொழி, பெரியப்பா உரையை இடைமறித்துக் கூறியது). திருமணமாகிப் பத்தாண்டு கடந்த மாப்பிள்ளைக்கும் இவ்விலக்கு உண்டா என்ற வினாவுக்குப் பாட்டி விடையளிக்கவில்லை. மாப்பிள்ளையும் வினவவில்லை.

மூன்றாவது சுழற்சிக் கொள்கை. முதலில் ஒருவர் இருக்க, மற்றவர் போய்வந்து அவரை விடுவிப்பர் என்பது இது (சித்தி, அடுக்களைப் பேருரை, குக்கரின் மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி, எஞ்சியது கேட்கவில்லை). தாளில் இதனினும் நேர்மையான ஏற்பாடு இல்லை. நடைமுறையில், போனவர் திரும்பியதாகப் பதிவு இல்லை.

இக்கொள்கையை மறுத்து இளைய மாமா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு இட்டார், உடனே நீக்கினார். நீக்கப்பட்டதே அதன் உண்மைத்தன்மைக்குச் சான்று என்பர் ஒரு சாரார். அப்பதிவைக் கேளாத அத்தை, கேட்டவர் சொன்னதைக் கொண்டு அதற்கு மறுப்பு எழுதினார். மறுப்புக்குப் பெரியம்மா விளக்கம் எழுதினார். விளக்கத்தின்கீழ்ப் பாட்டியின் கைப்பேசியிலிருந்து ஒரு கட்டைவிரல் குறி தோன்றியது. அது உடன்பாட்டைக் குறித்ததென்பது மூத்த மருமகள் பாடம். கண்ணாடி அணியாத நேரத்தில் விரல் பட்டதென்பது இளைய மருமகள் பாடம். இரு பாடத்துக்கும் இடைப்பட்ட சமரச உரை ஒன்று சின்னத் தாத்தாவால் தொடங்கப்பட்டு, அவர் தூங்கிப்போனதால் முற்றுப்பெறவில்லை. மூலம் மறைந்தபின் உரையும், உரைக்கு உரையும் தழைப்பது தமிழாய்வுலகம் நன்கறிந்த முறையே. குடும்பத்தார் அதனை ஊதியமின்றிச் செய்கின்றனர் என்பதே வேறுபாடு.

7.3 உரிப்பொருள்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மெரினாச் செலவில் இவ்விரங்கல் தலைவன் பொருட்டு நிகழ்வதன்று. இடக்கால் செருப்பின் பொருட்டு நிகழ்வது. வலக்கால் செருப்பு ஒருபோதும் தொலைவதில்லை என்று கூறுவர் சிலர். எது தொலைந்ததோ அதனையே இடக்கால் என்று வழங்குவதால் இத்தோற்றம் ஏற்படுகிறது என்பதே பொருத்தம்.

8. கூடுமிடம்

குழந்தை கைதவறினால் எங்கே கூடுவது என்பதை முன்னரே வகுத்தல் வேண்டும். 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இதற்குத் தக்கது. நால்வர் பாறையைப் புரட்டும் காட்சி, மூவரோடு பெட்ஷீட் விரிக்கப் போராடும் தந்தைக்கு ஆறுதலும் தரும். 1968இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட சிலைகளும் உள்ளன. வீரமாமுனிவர், கால்டுவெல், போப் முதலிய அறிஞர்கள் வரிசையாக, கடலுக்கு முதுகு காட்டிச் சாலையைப் பார்த்து நிற்கின்றனர். கடற்கரைவரை வந்தும் கடல் பக்கம் திரும்பாத இந்நிலையைப் பின்வந்த ஆய்வாளர்கள் வழுவாது பின்பற்றி வருகின்றனர்.

9. வாங்குதலும் திரும்புதலும்

எதுவும் வாங்குவதில்லை என்ற வீட்டுத் தீர்மானம், தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலின் குரல் கேட்டவுடன் செல்லாததாகும். பின் பஜ்ஜி, சுட்ட சோளம், ராட்டினம் என முறையே நிகழும். புளிசாதம் திரும்பும் ரயிலில், பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் உண்ணப்படும். மணல், குழந்தைகளின் சட்டைப்பைவழி தாம்பரம் சேரும்.

10. ஆய்வின் எல்லை

காவலர் ஒருமுறையேனும் கால் நனைத்ததுண்டா என்னும் முதன்மை வினாவுக்கு விடைகாண, ஆய்வாளர் ஒரு குடும்பத்துடன் நேரில் சென்றார். சற்று நேரம் செருப்பைப் பார்த்துக்கொள்ளுமாறு அவரிடம் கூறிவிட்டு, காவலர் உட்பட அனைவரும் அலைக்குச் சென்றுவிட்டமையால், இவ்வினா பற்றிய தரவுகளை அவரால் நேரில் காண இயலவில்லை.